ஷெஹ்தா விழுந்த விதம்

திரையில் ஒரு குச்சி மனிதன் ஓடினான். தலைக்கு ஒரு வட்டம், முதுகுக்கு ஒரு கோடு, கைகாலுக்கு நான்கு கோடுகள். எதிரே நின்ற இன்னொரு குச்சி மனிதன் காலை நீட்டினான். ஓடியவன் விறைத்துப்போய், சுவரில் சாத்திவைத்த துடைப்பம் சரிவதுபோல மெல்லச் சரிந்து தரையில் நீட்டிப் படுத்தான்.

லுத்ஃபி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இவ்வளவுதானா?"

"மொதல்ல இவ்வளவுதான் வரும்," என்றாள் இன்ஷிராஹ்.

"இவன் ஓடல உம்மு நதா, சறுக்குறான். விழவும் இல்ல, தூக்கம் வந்து படுக்குறான். இதக் கொண்டுபோய்க் காட்டினா, பெனால்டி குடுத்தவனப் பாத்துத்தான் சிரிப்பானுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். மகள் நதாவின் பெயரைச் சொல்லித்தான் கணவர் அவளை உம்மு நதா என்று கூப்பிடுவார்; அவள் அவரை அபூ நதா என்பாள். இன்ஷிராஹ் பள்ளியில் அறிவியல் ஆசிரியை; அக்காவுக்கும் ஆசிரியைக்கும் பொதுவாக ஊரே அவளை அப்லா என்று கூப்பிடும். பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில், வீட்டிலிருந்தபடி பிள்ளைகளுக்கு விசையும் உராய்வும் புரியவைக்க இந்தக் குச்சி மனிதர்களைப் பழகிக்கொண்டாள். ஒரு படம் வரைவது, கைகாலைச் சற்று நகர்த்தி அடுத்த படம், இன்னும் சற்று நகர்த்தி அதற்கடுத்தது. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். வண்டி தள்ளுகிறவன், பெட்டி இழுக்கிறவன் என்று இருபது முப்பது பேரை அப்படி நடமாட வைத்திருந்தாள். விசையைக் காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குப் போதும். வண்டி தள்ளுகிறவனின் இடுப்பு ஏன் வளையவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறவர் எதிரே, மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். தும்யாத் நகரின் மரச்சாமான் பட்டறைகளுக்குள் ரமலான் தோறும் கால்பந்துப் போட்டி நடக்கும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தொடங்கி, நோன்பு திறக்க எல்லாரும் வீடு போய்ச் சேரும்படி முடிந்துவிடும். மற்ற மாதங்களில் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடும் லுத்ஃபி பதினெட்டு வருஷமாக அதில் நடுவர்; ஆட்டக்காரர்கள் அவரை மரியாதையாகக் கேப்டன் என்பார்கள். இந்த வருஷம் அரையிறுதியில் தச்சர்களும் மெத்தைக்காரர்களும் மோதினார்கள். கடைசி நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. மெத்தைக்காரர்களின் ஷெஹ்தா பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தான். தச்சர் அணியின் பஹ்கத் குறுக்கே காலை விட்டான். ஷெஹ்தா விழுந்தான். லுத்ஃபி விசில் ஊதினார். பெனால்டி, கோல், தச்சர்கள் வெளியே.

பஹ்கத், இன்ஷிராஹின் உடன்பிறந்த தம்பி.

"நான் தொடவே இல்ல" என்று அவன் கத்தினான். "கண்ணு தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே" என்று சேர்த்தும் கத்தினான். லுத்ஃபி சிவப்பு அட்டையை எடுத்து மைத்துனனின் மூக்குக்கு நேரே பிடித்தார். நான்கு பேர் கைபேசியில் படம் எடுத்திருந்தார்கள். நான்கிலும் அந்த நொடியில் தெரிந்தது, தாங்க முடியாமல் எழுந்து நின்ற ரொட்டிக்கடைக்காரரின் அகலமான முதுகு மட்டும்தான்.

அக்காள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று பஹ்கத் சபதம் போட்டுவிட்டான். அவன் வந்து மன்னிப்புக் கேட்காமல் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று லுத்ஃபியும் சொல்லிவிட்டார். இருவரும் இன்ஷிராஹிடம் மட்டுமே பேசினார்கள். அவளிடம் பேசியதும் மற்றவரைப் பற்றி மட்டுமே. ஒரு வாரம் கேட்டுப் பார்த்தவள், "நடந்தத அப்படியே படமாப் போட்டுடறேன். ரெண்டு பேரும் பாருங்க. யார் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அது இரண்டு நாள் வேலை என்று நினைத்திருந்தாள்.

முதலில் பாதத்தைச் சரிசெய்தாள். தரையில் ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்தில் நிற்க வேண்டும்; உடம்புதான் அதைத் தாண்டிப் போக வேண்டும். அவள் வரைந்ததில் உடம்போடு சேர்ந்து பாதமும் நழுவிக்கொண்டே போயிற்று. அதனால்தான் சறுக்கல். தரையில் ஒரு புள்ளி வைத்து, மூன்று படங்களுக்குப் பாதத்தை அதன்மேல் ஆணி அடித்தாற்போல் நிறுத்தினாள். சறுக்கல் நின்றது. ஆனால் இப்போது தலை ஒரே உயரத்தில், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோலப் போனது.

"எந்திரிங்க அபூ நதா. கூடத்துல ஓடுங்க."

"நோன்பு வெச்ச மனுஷன ஓடச் சொல்றியே, ஈரம் இருக்கா உனக்கு?"

"மைதானத்துல மட்டும் ஓடுவீங்களாக்கும்."

அவர் ஓடினார். அலமாரித் தட்டின் விளிம்போடு அவர் தலையை ஒப்பிட்டுப் பார்த்தாள். கால் காற்றிலிருக்கும்போது வழுக்கை தட்டுக்கு மேலே எழுந்தது. கால் தரையில் விழுந்ததும் கீழே போயிற்று. உடம்பின் கனம் முழுவதும் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இறங்கி, முழங்காலில் அமுங்கி, மறுபடி எழுந்தது. நான்காம் சுற்றில் கீழ்வீட்டுக்காரர்கள் கட்டையால் தங்கள் கூரையைத் தட்டினார்கள்.

"போதுமா?"

"இப்ப விழுங்க."

லுத்ஃபி அவளைப் பார்த்தார். பிறகு சோபா மெத்தைகளைக் கீழே பரப்பி, பிஸ்மி சொல்லி விழுந்தார். மூன்று முறை விழுந்தார். மூன்றாம் முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தவரைத் தூக்கிவிடப் போனவளும் சிரிப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அந்த ஓட்டத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். அரை மணியில் வாசல் மணி அடித்தது. லுத்ஃபி பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்து பஹ்கத் வந்திருந்தான். உள்ளே வராமல் படிக்கட்டுத் தளத்திலேயே நின்றான்.

"உள்ள வாடா."

"சபதம் போட்டிருக்கேன் அப்லா. இங்கேர்ந்தே சொல்றேன். ஷெஹ்தா ஓட்டம் பரவால்ல. என் கால்தான் சரியில்ல. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி டக்குனு நீட்டி வெச்சிருக்க."

"வேற எப்படி நீட்டுவாங்க?"

"இங்க பாரு." அவன் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செய்து காட்டினான். கால் முன்னே போகும் முன் உடம்பு பின்னால் சாய்ந்தது, முட்டி மடங்கியது, தோள் ஒருபக்கம் இறங்கியது. அதற்குப் பிறகுதான் கால் பாய்ந்தது. இன்ஷிராஹ் வாசலுக்கு உட்புறம் நாற்காலி போட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, அவனைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யச் சொன்னாள். மேல்மாடிக்குக் காய்கறிக் கூடையோடு ஏறிய ஒருவர், ஏதும் கேட்காமல், அவன் காலைத் தாண்டிப் போனார்.

முன்னே போகிற எதுவும் முதலில் கொஞ்சம் பின்னே போகிறது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இதை அவள் பார்த்ததில்லை. பஹ்கத்தின் குச்சி மனிதனுக்குப் பின்சாய்வு இரண்டு படம் கொடுத்தாள். கால் திடீரென்று கால் ஆனது.

"ஷெஹ்தா விழுந்தப்போ கை எப்படி இருந்துச்சு?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"ரெண்டும் மேல. நெஞ்சு முன்னால. வாயப் பொளந்துட்டு."

அன்று மாலை சூப்பு குடித்துக்கொண்டிருந்த கணவரிடமும் அதையே கேட்டாள்.

"ரெண்டு கையும் மேல," என்றார் லுத்ஃபி. "கண்ண மூடினா அந்தக் கைதான் தெரியுது எனக்கு."

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தக் கைகள்தான். அவற்றை மட்டும் அவள் அப்படியே வரைந்தாள். வந்தது வினை.

ஓட்டம் சரியாக இருந்தது. கால் நீட்டியது சரியாக இருந்தது. விழுவது மட்டும் பொய்யாக இருந்தது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். விழ ஆரம்பிக்கும்போது படங்களை நெருக்கமாக வைத்தாள். நடுவில் அகல விட்டாள். உடம்பு முதலில், கை அதன் பின், தலை கடைசியில் என்று ஒவ்வொன்றையும் ஒரு படம் தாமதமாக வரச் செய்தாள். தரையைத் தொட்டதும் உடல் ஒருமுறை அமுங்கி லேசாக எழும்பும்படி வைத்தாள். பள்ளியில் விடைத்தாள் திருத்தும்போதுகூட ஓரத்தில் விழுகிற மனிதர்களை வரைந்தாள். ஒவ்வொரு முறையும் படம் முன்னைவிட வழுவழுப்பாக ஓடியது. ஒவ்வொரு முறையும் அதே பொய்.

"என்னமோ நடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் லுத்ஃபி.

"நல்லாத்தான் இருக்கு அப்லா, ஆனா விழற மாதிரி இல்ல," என்று பஹ்கத் குரல் செய்தி அனுப்பினான்.

தனக்கு வரையத் தெரியவில்லை என்றே இன்ஷிராஹ் நம்பினாள். நாலாம் நாள் பள்ளி விட்டுக் கடைவீதியில் தக்காளி வாங்கிக்கொண்டு, அந்தக் கைகளைப் பற்றியே யோசித்துக்கொண்டு நடந்தவள், ஒரு பழப்பெட்டியில் கால் தடுக்கி விழுந்தாள்.

தக்காளி நாலாபக்கமும் உருண்டது. கடைக்காரப் பெண் ஓடிவந்தாள். "அல்லா, அப்லா, எங்க அடிபட்டுச்சு?"

இன்ஷிராஹ் தரையில் உட்கார்ந்தபடி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. அவற்றைத் தரைக்குப் போகச் சொன்னது அவளில்லை. பையை விடச் சொன்னதும் அவளில்லை. கால் தடுக்கியது தெரிவதற்குள்ளேயே கைகள் கீழே போய்க் காத்திருந்தன.

"அப்லா, தலையில பட்டுருச்சா? ஏன் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தக்காளிய மட்டும் பொறுக்கிக் குடு."

வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். பழைய படத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு படம் செய்தாள். கால் தடுக்கியதும் கைகள் தரைக்குப் பாய்ந்தன. முகம் ஒருபக்கம் திரும்பியது. லுத்ஃபி வந்ததும் ஓடவிட்டுக் காட்டினாள். அவர் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தார்.

"யப்பா. இப்ப விழறான். எனக்கே வலிக்குது." மறுபடி பார்த்தார். "ஆனா இது ஷெஹ்தா இல்லியே. அவன் கை மேலல்ல இருந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா. அதப் பாத்துத்தானே விசில் ஊதினேன்."

இன்ஷிராஹ் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். ஒன்றில் ஒரு மனிதன் விழுந்தான். இன்னொன்றில் ஒரு மனிதன் விழுவதுபோலச் செய்தான். மூன்று நாளாக அவள் திருத்தத் திருத்த ஒட்டிக்கொண்டிருந்த பொய் அவள் விரலில் இருந்து வந்ததில்லை. ஷெஹ்தா விழுந்ததே அப்படித்தான்.

அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு இத ஷெஹ்தாகிட்டயே காட்டிருவோம். கை மேல இருக்கிற படத்த எடுத்துக்க. அவன் வாயாலயே சொல்லட்டும், பஹ்கத் கால் எங்க பட்டுச்சுன்னு. அப்புறம் உன் தம்பி என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்றார். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார்.

"அவன எதுக்கு இழுக்கணும்? வேணாமே."

"ஏன் வேணாம்? அவன்தானே விழுந்தவன்."

அதற்கு மேல் எப்படித் தடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் மதியம், சும்மா போய் நிற்பது அழகில்லை என்று, உறை கிழிந்த ஒரு சோபா மெத்தையை லுத்ஃபி தோளில் தூக்கிக்கொண்டார். அவள் கணினியோடு பின்னால் நடந்தாள்.

ஷெஹ்தாவின் பட்டறை பஞ்சும் துணியுமாக இருந்தது. முப்பது வயது, முடிக்கு எண்ணெய் பூசி வாரியிருந்தான். வாயில் ஐந்தாறு ஆணிகளைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தான். அரையிறுதிக்குப் பிறகு தெருவில் அவனுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தது.

"வாங்க கேப்டன், வாங்க அப்லா. என்னையப் படம் போடறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

இன்ஷிராஹ் படத்தை ஓடவிட்டாள். ஷெஹ்தா குனிந்து பார்த்தான். மறுபடி ஓடவிடச் சொன்னான். மூன்றாம் முறை ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் ஒரு மனக்குறை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அப்லா. ஓட்டம் பிரமாதம். பஹ்கத் கால் அப்படியே அவன் கால்தான். ஆனா நான் விழறது இது இல்ல. மாவு மூட்டை மாதிரியா நான் விழுவேன்?"

"எங்க தப்பு?" என்றாள் அவள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"இதுல பாருங்க, கால் பட்ட அப்புறம் கை மேல போகுது. அப்படி பண்ணா லேட்டாயிரும்ல? கைதான் மொதல்ல. தூரத்துல இருக்கிறவன் கண்ணுக்குக் கை தெரியணும். அவன் இடுப்பு பின்னால சாயுது பாருங்க, இங்க, அப்பவே நான் பின்னங்கால எடுத்துட்டேன். அவன் கால் வர்றப்போ நான் காத்துல இருக்கணும். பட்டா வலிக்காதா?" நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டடி ஓடி, கைகளை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, பஞ்சு மூட்டைகளின் மேல் விழுந்து காட்டினான். உண்மையிலேயே அழகாக விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து, "எப்படி?" என்று கேட்டபோதுதான் மெத்தையைத் தோளில் சுமந்தபடி நின்ற லுத்ஃபியின் முகத்தைப் பார்த்தான்.



"எத்தன படம் முன்னால?" என்று லுத்ஃபி கேட்டார்.

"கேப்டன், அது வந்து..."

"அவன் கால் வர்றதுக்கு எத்தன படம் முன்னால கையத் தூக்கின? சொல்லு. அப்லா திருத்தணும்ல."

ஷெஹ்தா பஞ்சு மூட்டையின் மேலிருந்து எழவில்லை. "ஒரு மூணு, நாலு இருக்கும்."

"நாலுன்னே போட்டுக்க உம்மு நதா." லுத்ஃபி மெத்தையை இறக்கினார். "இதுக்கு உறை மாத்தணும். நீல நெறம். அவசரமில்ல."

 வீடு திரும்பும் வழியில் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது, "நீ எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார்.

"தக்காளி கொட்டின அன்னிக்கு."

"சொல்லலியே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் தலையை ஆட்டினார். அவள் கையிலிருந்த கணினிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீட்டில் கைகளை நான்கு படம் முன்னே நகர்த்தினாள். ஐந்து நிமிட வேலை. மூன்று நாளாக உயிர் வராமல் கிடந்த படத்தில் ஷெஹ்தா ஷெஹ்தாவாகவே விழுந்தான். பஹ்கத்தின் பாதத்துக்கும் அவன் காலுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

லுத்ஃபி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "என்னையப் போடலியே நீ."

"உங்கள எதுக்கு?"

"விசில் ஊதினவன் நான்தானே. போடு."

இன்ஷிராஹ் மூன்றாவது குச்சி மனிதனைத் தொடங்கினாள். அவரை ஓடச் சொல்லவில்லை. எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. முப்பது வருஷம் வட்டவட்டமாகப் பாலிஷ் தேய்த்த அந்த வலது தோள் எப்போதும் சற்று முன்னால் இருக்கும். வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழும். இடது கை முழுதாக வீசாது; இடுப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஆறேழு அடிக்கு ஒருமுறை தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொள்ளும். கடையிலிருந்து வரும்போது, பேருந்தைப் பிடிக்க ஓடும்போது, நதா பிறந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தபோது என்று அந்த ஓட்டத்தை அவள் இருபத்தாறு வருஷமாகப் பார்த்திருந்தாள். ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. பாங்குக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள்.

ஓடவிட்டதும் லுத்ஃபி திரைக்கு அருகே குனிந்தார்.

"நான் இவ்வளவு மெதுவாவா ஓடறேன்?"

"ஆமா."

"அப்ப இன்னும் பின்னால தள்ளு." விரலால் திரையைத் தொட்டார். "நீ என்னைக் கோல் பக்கத்துல நிறுத்தியிருக்க. நான் அங்க இல்ல. நடுக்கோட்டத் தாண்டவே இல்ல. காலு வரல உம்மு நதா. ஷெஹ்தா ஓடறான், நான் பின்னால வந்துட்டிருக்கேன். அங்கேர்ந்து கால் படுதா படலியான்னு எவனுக்குத் தெரியும்? கை தெரிஞ்சுது. ஊதிட்டேன்."

அவளுக்கு அந்தச் சிறு உருவத்தைப் பின்னுக்குத் தள்ள மனம் வரவில்லை. பாதி தூரம் தள்ளி நிறுத்தினாள்.

"இன்னும்," என்றார் அவர்.

தள்ளினாள்.

மறுநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, தம்பியை அவசரமாக வரச்சொல்லி அவளே அழைத்தாள். அவன் வழக்கம்போல் படிக்கட்டுத் தளத்தில் நின்றான். கதவைத் திறந்தது லுத்ஃபி. இருவரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் பார்த்தார்கள். லுத்ஃபி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கணினியை மேற்படியில் வைத்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "உக்காரு," என்றார். பஹ்கத் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

சமையலறையில் வாத்து வெந்துகொண்டிருந்தது. இன்ஷிராஹ் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டாள்.

"உன் கால் படல," என்றது லுத்ஃபியின் குரல். "நான் தூரத்துல இருந்தேன். பாக்காமலே ஊதிட்டேன். மன்னிச்சுக்க."

 பிறகு ஒரு வினோதமான சத்தம் வந்தது. அழுகிறானோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். பஹ்கத் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்லா, இது யாரு, இந்த மூணாவது ஆளு? அல்லாவே, அந்த இடது கை. கோழிய அக்குள்ல வெச்சிட்டுப் போற மாதிரி."

"ஓடறேன்டா அது," என்றார் லுத்ஃபி.

"இதுக்குப் பேரு ஓட்டமா? மச்சான், இத முன்னாடியே பாத்திருந்தா நான் கத்தியே இருக்க மாட்டேன். பாவம்னு விட்டிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் தணிந்த பிறகு, "நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கண்ணு தெரியலன்னு," என்றான்.

"கண்ணு தெரியுது. காலுதான்."

பாங்கு கேட்டது. இன்ஷிராஹ் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள். இருவரும் ஆளுக்கொன்றை வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி அந்த மூன்றாவது மனிதனை ஓடவிட்டுப் பேசியபடியே உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். சபதத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை.

முடிந்த ஆட்டம் முடிந்ததுதான் என்று போட்டிக் குழு சொல்லிவிட்டது. மெத்தைக்காரர்கள் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். லுத்ஃபி விசிலைக் குழுவிடம் கொடுத்துவிட்டார். ஓட வேண்டாம், கோட்டோரம் கொடி பிடித்தால் போதும் என்று அவர்கள் அவரை விடவில்லை. படத்தை அவரே தெருவுக்கெல்லாம் அனுப்பச் சொல்லியிருந்தார். நாலு நாளில் அது எல்லாப் பட்டறைக் கைபேசிகளிலும் ஓடியது. ஷெஹ்தாவுக்கு முதலில் வெட்கம். பிறகு, தான் விழுந்தது மட்டும் துல்லியமாக வந்திருப்பதாக வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான்.

இறுதிப் போட்டியன்று இன்ஷிராஹ் பஹ்கத்தின் மனைவியோடு மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பாதியில் ஷெஹ்தா பந்தோடு ஓடி வந்தான். எதிரணியான கடைசல்காரர்களின் தடுப்பாளன் குறுக்கே வந்தான். ஷெஹ்தா விழுந்தான்.

மைதானமே சிரித்தது. "அப்லா, படம் புடிங்க," என்று ஒருவன் கத்தினான். "நாலு படம் லேட்டுடா," என்றான் இன்னொருவன். புதிய நடுவர் ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினார். தரையில் கிடந்த ஷெஹ்தா எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்.

கோட்டோரம் கொடி உயர்ந்தது.

நடுவர் ஓடிவந்தார். "கேப்டன், இவனையா நம்பறீங்க? நெசமாத்தான் தூக்கினீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தேன். அவன் உள்ளங்கையப் பாரு," என்றார் லுத்ஃபி.

ஷெஹ்தா கைகளை விரித்தான். இரண்டிலும் ரத்தம் கசிந்திருந்தது. சிரிப்பு அடங்கியது. நடுவர் விசில் ஊதிப் பந்தை அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். ஷெஹ்தா எழுந்து, கோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. மெத்தைக்காரர்கள் தோற்றார்கள். அது வேறு விஷயம்.

பந்து மறுபாதிக்குப் போனதும் லுத்ஃபி கோட்டோரமாகவே ஓடினார். வலது தோள் முன்னால், பாதம் வெளியே திரும்பி, எல்லாம் அவள் வரைந்ததுபோலத்தான். ஆனால் இடது கை இன்று இடுப்பில் ஒட்டவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு முழுதாக, பின்னால் போய், முன்னால் வந்து வீசியது. சொல்லப்போனால் வேகம்கூடக் கொஞ்சம் கூடியிருந்தது. இதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"எதுக்கு இப்படி உத்துப் பாக்குறீங்க மதினி?" என்று பஹ்கத்தின் மனைவி கேட்டாள்.

"செத்த சும்மா இரு," என்றாள் இன்ஷிராஹ். அந்தக் கை பின்னாலிருந்து முன்னால் வர எத்தனை படம் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.